முதல் வகுப்பு நாற்காலிகள்

ஸ்வானேத்தி மலையில் பந்தயம் நடக்கும் இரவு மட்டும்
எங்கள் பள்ளிக்கூடத்தைப் பூட்டுவதில்லை.
அறுபத்தெட்டாம் கிலோமீட்டர்.
வருகிறவர்கள் முதல் வகுப்பு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து
இன்னொன்றில் காலை நீட்டுகிறார்கள்.
நான் தரையில். நெற்றியில் விளக்கு.

முகம் பார்ப்பதில்லை.
சேறு போனதும் குதிகாலே சொல்லிவிடும்:
புதுக் காலணி,
ஒரு அளவு பெரிய காலுறை,
கல் புகுந்தது தெரிந்தும் குனியாத அவசரம்.
மற்ற நாட்களில் மருந்தகத்தில்
ரத்த அழுத்தம் பார்க்கிறவள் நான்.
ஓடியதே இல்லை, பேருந்துக்குக்கூட.

தெளிந்த நீர் கோத்திருந்தால் குத்தலாம்.
ரத்தம் கோத்திருந்தால் கை வைக்கக் கூடாது.
ஊசியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும்.
(ஸ்பிரிட் தீர்ந்துபோன வருடம்
பிமுர்சாவின் திராட்சைச் சாராயத்தில் நனைத்தேன்.
யாரும் குறை சொல்லவில்லை.
ஒருவர் மிச்சத்தைக் கேட்டார்.)
ஓரத்தில், கீழ்ப்பக்கமாக, இரண்டு மூன்று துளை.
தோலை உரிப்பதில்லை:
கூரையைப் பிரிக்காமல்
வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தை மட்டும் இறைக்கிற வேலை.

பிறகு சாம்பிராணிக் கரைசல், புண்ணைச் சுற்றி மட்டும்.
தவறி ஒரு சொட்டு உள்ளே போனால்
செக்கர், இத்தாலியர், திபிலிசிக்காரர் எல்லோருக்கும்
ஒரே மொழி வந்துவிடும்.
டேப்பின் மூலைகளை வட்டமாக நறுக்குகிறேன்.
மூலை இருந்தால் காலுறை பிடித்து இழுக்கும்.
தலைமுடி அளவு சுருக்கம் போதும்,
கணவாய் ஏறுவதற்குள் அது இன்னொரு கொப்புளம்.

மூன்றரை மணிக்கு நூற்றுப் பதினேழு வந்தான்.
குத்தாயிசிக்காரன், ஒதியா என்று பெயர்.
இடது குதிகால், என்றான்.
கழுவினேன். விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன்.
விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை. சிவப்புகூட இல்லை.
ஈரத்தில் வெளுத்துச் சுருங்கிய
நல்ல கால்.

அப்போதுதான் முகம் பார்த்தேன்.
அவன் கண் சுவரில், ஏழாம் வாய்ப்பாட்டில்.
கையில் தொலைபேசி, அனுப்பாத ஒரு வரி.
"பெரிதா?" என்றான்.
"போக முடியாத அளவுக்குப் பெரிதா?"

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.
தாளில் எழுதிக்கொள்வார்கள்,
லாரியில் கம்பளி இருக்கிறது.
கொப்புளம் கௌரவமான காரணம்.
ஊரில் நாலு பேருக்குக் காட்டலாம்.
எனக்கும் பொய் வராதது இல்லை,
ரத்த அழுத்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு
தினமும் சொல்கிறவள்தான்.

டேப்பை வெட்டினேன்.
நான்கு மூலையும் வட்டம்.
பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி,
சேதமில்லாத அந்தக் குதிகாலில்
ஒரு சுருக்கமில்லாமல் ஒட்டினேன்.
அன்று யாருக்கும் அவ்வளவு நேரம் எடுக்கவில்லை.
"வலிக்கிறதா?"
"வலிக்கிறது."
"தெரியும்."

காலுறையைச் சுருட்டி ஏற்றினான்.
கயிற்றை இரண்டு முறை கட்டினான், அவிழ்த்தான், கட்டினான்.
வாசலுக்கு இடப்பக்கம் கணவாய்.
வலப்பக்கம் லாரி.
எங்கள் ஜன்னலில் தெரிவது
நடுவில் இருக்கும் தண்ணீர்த்தொட்டி மட்டும்.

அதற்குள் அடுத்த கால் வந்து நாற்காலியில் ஏறிவிட்டது,
பெருவிரல் நகம் கறுத்து.
ஏழேழு நாற்பத்தொன்பது என்று
எதற்கோ சொல்லிக்கொண்டு
ஊசியை எடுத்தேன்.