ஒருக்கா ஊது

மார்க்கம் றோட்டு. மைனஸ் பதினேழு.
ஸ்டியரிங்கருகே தொங்கும் கறுப்புக் குழாயை
என் பக்கம் நீட்டுகிறான் நிமலரூபன்:
"ஒருக்கா ஊதிவிடு மச்சாள்,
ரெண்டே ரெண்டு பியர்தான்."

அவன் மகளின் பலூன் முப்பதையும்
நான்தான் ஊதினேன் இன்று.
உதடு இன்னும் எரிகிறது.
பின் சீற்றில் கேக் பெட்டியோடு அவள்,
முழித்தபடி.

லைசென்ஸ் திரும்பிய நாள்
கடிதத்தைத் தமிழில் வாசித்ததும் நான்தான்.
"ஒரு வருஷம், உன்ர மூச்சு மட்டும்."
இரண்டு தரம் சொன்னேன்.
தலையாட்டினான்.

குழாயைக் கொளுவிவிட்டு
இறங்கினேன்.

பஸ்ஸுக்கு இருபது நிமிஷம்.
கேக் பெட்டி எங்கள் நடுவில்.
அவன் பேசவில்லை.
தரிப்பிடக் கண்ணாடியில் படிந்த மூச்சு,
எது அவனது, எது எனது என்றில்லாமல்
உறைந்துகொண்டிருந்தது.
சின்னவள் அதில்
விரலால் ஒரு கார் கீறினாள்.