மூன்றாம் கிரேனுக்குப் பின்னால்

கவாசாகியில், நான்காம் மாடியில்,
என் வேலை முட்டுவது.

ஒவ்வொரு சுவரிலும் ஒவ்வொரு வண்டியாலும்
மூன்று வேகத்தில், ஐந்து கோணத்தில்.
உரசலாம், நசுங்கலாம், தீப்பற்றலாம்,
ஊடுருவக் கூடாது.
ஊடுருவினால் சிவப்பு மையில் ஒரு சீட்டு.
என் பெயரை விட்டுவிட்டு
எல்லோரும் என்னைச் 'சுவர்' என்றே கூப்பிட்டார்கள்.
சுவர், டீ வேணுமா?
சுவர், கடைசி ரயில் போயிடுச்சு.

வண்டிகள் எட்டு.
சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு விற்கும் குட்டி லாரி
கூவிக்கொண்டே வந்து ராக்கெட் விடும்.
குப்பை லாரி எதிரியைப் பின்வாயால் மென்று துப்பும்.
பொன் பூசிய கோயில் கூரையைச் சுமக்கும் சவ ஊர்திக்குத்தான்
எல்லாவற்றையும்விட வேகம்.
அதை எடுத்துவிடச் சொல்லி
விற்பனைப் பிரிவிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தது.
இசுருகி தலையைச் சொறிந்தார்.
எடுக்கவில்லை.

பிப்ரவரி. தட்டு ஆலைக்குப் போக ஒன்பது நாள்.
மேசைக்கடியில் இசுருகி உறக்கம்:
காலுறையில் ஓட்டை, ஓட்டையில் கட்டைவிரல்.
துறைமுக அரங்கில், மூன்றாம் கிரேனுக்குப் பின்னால்
கிழங்கு லாரியை ரிவர்ஸில் இடித்தேன்.

சத்தம் வரவில்லை.

விழுந்தேன்.

கீழே தரை இல்லை, நீலம்.
யாரும் தேர்ந்தெடுக்காத நீலம்,
ஒன்றும் வரையாத இடத்தில்
பெட்டி தானாக ஊற்றிக்கொள்ளும் நீலம்.
அண்ணாந்து பார்த்தேன். தெருக்களைக் காணோம்;
தெருவுக்கு ஒரு பக்கம்தான் வரைந்திருந்தோம்.
அந்தரத்தில் சக்கரங்கள் மட்டும்.

ஏழு வண்டிகளும் என்னைத் தேடி வந்தன.
கிழக்கு மேற்கு தெரியும், வடக்கு தெற்கு தெரியும்,
ஆழம் என்று ஒன்று உண்டென
அவற்றுக்கு நாங்கள் சொல்லவே இல்லை.
சரியாக என் தலைக்கு மேலே கூடி
ஒன்றையொன்று இடித்து
இல்லாத என்னைச் சுட்டு
ஒன்றையொன்று சுட்டு
கடைசியில் சவ ஊர்தி, தனியாக,
வட்டமடித்து வட்டமடித்து
தன் தீயிலேயே அவிந்தது.

வெற்றி, என்றது திரை.
நான் விழுந்துகொண்டே இருந்தேன்.
லாரி இன்னும் கூவிக்கொண்டிருந்தது:
கிழங்கு, சூடான கிழங்கு.
வாங்க ஒருவரும் இல்லை.
ஜன்னல் வெளுக்கும்வரை பொத்தானைத் தொடவில்லை.

நானூற்றுப் பதின்மூன்றாம் சீட்டு.
இடம்: துறைமுகம்,
நான்காம் கிரேன், என்று எழுதினேன்.
மூன்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

மறுநாள் இசுருகி சீட்டோடு வந்து நின்றார்.
"நாலாவதுல ஒண்ணுமே இல்லையே."
அப்படியா, என்றேன்.
"பதினைஞ்சு தடவை முட்டினேன்."
அப்படியா.

முத்திரையை ஊதி ஈரமாக்கி
'முடிந்தது' என்று குத்தினார்.
கதவுவரை போனவர் திரும்பாமலே கேட்டார்,
"கீழே ரொம்ப அமைதி, இல்ல?"

ஐந்தாம் கிரேன்.
முட்டினேன்.
சத்தம் வந்தது.