நீல விளக்கை அணைக்கச் சொன்னேன்

காக்ஸ் டவுனில், மாடிப்படிக்குக் கீழே கடை.
நாங்கள் உள்ளே நுழைந்ததும் டெரன்ஸ்
நீல விளக்கைப் போட்டார்.
தொட்டி தொட்டியாகத் தீபாவளி.
பச்சை நுனி, ஆரஞ்சு வாய், ஊதாக் கிளை,
பெயரில்லாத ஒரு ரோஸ்.
குணாளன் என் மணிக்கட்டைப் பிடித்தான்,
எல்லாமே வேண்டும் என்கிற பிடி.

நான் பல் செய்கிறவள்.
பதினோரு வருஷமாக லேபில்
மற்றவர் வாய்க்கு வெள்ளை தேடுகிறேன்.
வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு:
காப்பி குடிக்கிற வெள்ளை, பீடி வெள்ளை,
கல்யாணத்துக்கு முந்தின வாரம்
ஓடி வந்து கேட்கிற வெள்ளை.
டியூப் லைட்டில் நிறம் பார்க்காதே,
ஜன்னலுக்குக் கொண்டு போ.
முதல் நாள் கற்றது இது ஒன்றுதான்.

"அந்த நீலத்தைக் கொஞ்சம் அணைங்க, டெரன்ஸ்."

அவர் தயங்கினார்.
ஜவுளிக்கடையில் புடவையை
வாசலுக்கு எடுத்துப் போகிறேன் என்றால்
தயங்குவார்களே, அப்படி.
பிறகு சுவிட்ச்.
பாதிக் கடல் பழுப்பாகிவிட்டது.
மூவாயிரத்து எண்ணூறு சொன்ன ஊதாக் கிளையின் அடியில்
நகக்கண் அளவு வெள்ளை.
லேபில் அந்த வெள்ளைக்குக் கெஞ்சுவார்கள்.
இங்கே அது எலும்பு,
சதை விலகிப் போன இடம்.

உதட்டுக்குப் பவளம், பல்லுக்கு முத்து என்று
பள்ளியில் படித்து மார்க் வாங்கினேன்.
சொன்னவர்கள் யாரும்
ஒரு கல்லுப்பவளத்தை ரம்பத்தால் அறுத்ததில்லை போல.
அறுத்தால் அதே சுண்ணாம்புத் தூள்,
என் கண்ணாடியில் தினமும் படிகிற மாதிரி.
அது பல்லுக்குத்தான் பங்காளி.

"இது எங்கேயிருந்து வந்தது?"
கடலில் பிடுங்கியது என்றால் திரும்பிவிடுவதாக இருந்தேன்.
"வீட்டுப் பிள்ளை மேடம். தாய் அதோ."
மூலைத் தொட்டியில்
கவிழ்த்த தாம்பாளம் போல ஒன்று.
அதன் ஓரத்தில் ரம்பம் பட்ட தழும்பு.
தழும்பின் மேலே ஏறிக்கொண்டிருந்தது
இளம்பச்சையாய்ப் புதுச் சதை.
துண்டும் பழுப்புத்தான்,
விளிம்பில் மட்டும் அதே பச்சை.
வளர்கிற இடத்துக்கு நிறம் வேறு.

"கடல் வாங்க வந்து சேறு வாங்குறோமா?"
என்றான் குணாளன்.
அவனுக்கு ஒன்று விட்டுக்கொடுத்தேன்:
ஆரஞ்சு வாயும் நீளக் கைகளும்.
"ராத்திரியில கையை நீட்டிப்
பக்கத்து வீட்டைச் சுட்டுடும்.
ஒரு சாண் விட்டு வையுங்க" என்றார் டெரன்ஸ்.
ஹலசூரில் எங்கள் சந்தில்
அந்த ஒரு சாண் இதுவரை யாருக்கும் வாய்க்கவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் டேங்கர் வருகிற வீடு.
அந்தத் தண்ணீரைக் குடிநீரைவிடச் சுத்தமாக வடிகட்டி,
உப்புப் போட்டுக் கலக்கி,
யாரும் குடிக்க முடியாததாக ஆக்குகிறோம்.
ஓனரம்மா இதை மூன்று தடவை சொல்லிவிட்டார்.
மூன்று தடவையும் சரியாகத்தான் சொன்னார்.
நான் தலையாட்டிக்கொண்டே
சுண்ணாம்புச் சத்து எவ்வளவு என்று
சோதனைக் குப்பியில் சொட்டு எண்ணினேன்.
பதினெட்டா பத்தொன்பதா?
அவர் பேசியதில் விட்டுப்போய்
மறுபடி ஒன்றிலிருந்து.

ஒன்பதாம் நாள் இரவு கரண்ட் போனது.
இன்வர்ட்டரில் பம்பு மட்டும்.
ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறிவிட்டு அடங்கியது,
கடல் ஓடிக்கொண்டிருந்தது.
நாளைக்குத் தோசை மாவு புளிக்கும், புளிக்கட்டும்.
செல்போன் வெளிச்சத்தில் குனிந்தேன்.
பழுப்புத் தட்டு முழுக்க
ரவை தூவினாற்போல் வாய்கள்,
திறந்து, எதையோ வாங்கிக்கொண்டு.

"என்ன கலர் தெரியுது?"
இருட்டிலிருந்து குணாளன்.

காலையில் சொல்கிறேன் என்றேன்,
ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு.