ஐந்து சதம்

அவருக்கு உகெத் என்றொரு பெயர் இருந்ததை
அஞ்சலி அட்டையில்தான் பார்த்தோம்.
முப்பத்தொரு வருடம் கோட்-டே-நேஜ் பிள்ளைகளுக்கு
அவர் மதாம் பெல்ஸீல். அவ்வளவுதான்.
உகெத் யாருடைய தங்கச்சியோ.

மார்ச் மாதத்துச் சேற்றுப்பனி.
பஸ்ஸைக் கராஜில் விட்டுவிட்டு
சாரதிச் சீருடையோடே வந்திருக்கிறேன்.
வாசல் மிதியடியில் நின்று சப்பாத்தை உதறும்போது
முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்:
"சாந்துரா!"

துய். இப்போது பல்வைத்தியர்.
எனக்கு அவளைத் தெரியவில்லை,
அவளுக்கு என் பெயர் தெரிந்தது.
அது என் பெயர்தான்: செந்தூரன்.
பிரெஞ்சு மூக்கு வழியாகப் போனால்
ஆண்பிள்ளைகளின் கடைசி ன் கரைந்துவிடும்.
அந்த வகுப்பு முழுக்க
விகுதி தொலைத்த பொடியன்கள்.

நான் திருத்தவில்லை.
முதல் வாரம் வெட்கத்தில்.
பிறகு சாந்துராவுக்கு
நூற்றுக்கு எழுபது கிடைத்தது.
செந்தூரனிடம் அப்போது இருந்ததெல்லாம்
கொழும்பு லாட்ஜ் ஒன்றின் மணமும்
யாரோ தந்த, கை நீண்ட ஜக்கெற்றும்.

குகனேசன் உள்ளே வரவில்லை.
வாகனத் தரிப்பிடத்தில் நின்று புகைக்கிறான்.
வகுப்பில் தமிழ் கதைத்தால்
சொல்லுக்கு ஐந்து சதம், பிஸ்கற் ரின்னுக்குள்.
வியட்நாமிய மொழிக்கும் அதே விலை, கிரியோலுக்கும் அதே.
ஜூனில் அந்தக் காசில் எல்லோருக்கும் ஐஸ்கிரீம்.
அவன் தின்னவில்லை.
"மூன்று டொலர் நாற்பது, மச்சான்,"
என்கிறான் இன்றைக்கும், வட்டி போடாமல்.

ஒரு நாள் கரும்பலகையில்
இரண்டு இறந்தகாலம் எழுதினார்.
ஒன்று, கதவு சாத்தினமாதிரி முடிந்தது.
மற்றது, முடிந்ததா என்று கேட்கக்கூடாதது.
உங்களிடம் எப்படி, என்றார்.
எனக்கிருந்த அரைகுறை பிரெஞ்சில் எழும்பிச் சொன்னேன்:
எங்களிடம் அதற்குப் பெயர் செத்த காலம்.
வகுப்பு சிரித்தது.
அவர் சோக்கைக் கீழே வைத்து
"முழுக்கவா?" என்றார்.

மணி அடித்துவிட்டது.

இப்போது பெட்டிக்குப் பக்கத்தில்
எல்லோரும் கதைக்கிறார்கள்.
பென்சிலால்தான் திருத்துவார்,
தன் பிழையையும் அழிக்கலாம் என்று.
அலுமாரிக்குள் எட்டுச் சோடி பனிச்சப்பாத்து வைத்திருப்பார்,
யாருக்கு என்று சொல்லமாட்டார்.
கோபம் வந்தால் யன்னலைத் திறப்பார்,
மைனஸ் இருபதிலும்.
திறப்பார், வைத்திருப்பார், சொல்லமாட்டார்.

கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.
நாங்கள், பழக்கமாய்ப் போனதை எல்லாம்
எதிர்காலத்தின் வாயால் அல்லவா சொல்கிறோம்.
இருபத்தாறு வருடம் பிந்தி, மதாம்,
இல்லை. முழுக்க இல்லை.

இதை அனுதாபப் புத்தகத்தில் எழுதப் போனேன்.
பிரெஞ்சில் வரவில்லை.
மூன்று வரியை வெட்டி, கடைசியில்
சாந்துரா என்று மட்டும் கையெழுத்து வைத்தேன்.
துய் எட்டிப் பார்த்து
வெட்டிய வரியில் ஒரு சாய்கோட்டைப் போட்டுத் திருத்தினாள்.

பிறகு கதவு திறந்து குளிர் வந்தது,
குளிரோடு குகனேசன்.
யாரையும் பார்க்காமல் நேரே போய்
பெட்டியின் அருகில் நின்று
தமிழில் என்னவோ சொன்னான்,
நீளமாக, மூச்சு விடாமல்.
சொல் எத்தனை என்று நான் எண்ணவில்லை.
முடிந்ததும் கால்சட்டைப் பையைத் தடவினான்.
என்னைப் பார்த்தான்.
நானும் தடவினேன், நிருபனும், துய்யும்.

எல்லோரிடமும் கார்ட்தான்.
ஒருவரிடமும் சில்லறை இல்லை.