சுவருக்கு இந்தப் பக்கம்

மீன் சந்தைக்கு மேல்மாடியில் வியாழன்தோறும் வகுப்பு.
லெர்விக்கில் மூன்றரைக்கே விளக்குப் போடும் மாதம்.
ஏழு பேர்: ஒரு பல் வைத்தியர், இரண்டு விதவைகள்,
தன் பூனையைப் பற்றி மட்டும் எழுதும் ஒரு தபால்காரர்,
சிறைக்குப் போனதாகச் சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாத ஒருவர்,
வாயே திறக்காத அவர் தம்பி,
முப்பது வருஷம் யெல் தீவுப் படகில் கயிறு பிடித்த நான்.

இஷ்பெல் மௌவட் என்னைவிட நான்கு வயது சின்னவர்.
அடுத்தவர் வாழ்க்கையை இருபத்தாறு வருஷமாகத் திருத்துகிறார்.
முதல் நாளே சொன்னார்:
"எனக்கு நினைவிருக்கிறது என்று ஆரம்பிக்காதீர்கள்.
இல்லாவிட்டால் இங்கே ஏன் வந்து உட்காரப் போகிறீர்கள்."

என்னிடம் ஒரு கதை இருந்தது,
கல்யாண வீடுகளில் கைதட்டு வாங்கிய கதை.
தென்கடலுக்குத் திமிங்கில வேட்டைக்குப் போன அப்பா
பதினெட்டு மாதம் கழித்துத் தாடியோடு வாசலில் நிற்கிறார்.
அம்மா கையில் கரண்டியோடு ஏற இறங்கப் பார்த்து,
"யார் வேணும் உங்களுக்கு?" என்கிறாள்.
எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று
என் நாக்குக்கே தெரியும்.

வாசித்தேன். பல் வைத்தியர் சிரித்தார்.
இஷ்பெல் கோடு போடாத தாள் ஒன்றை நீட்டினார்.
"வீட்டை வரையுங்கள்.
நீங்கள் இருந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி."

வாசல். நடை. அடுப்பு. பின்னறையில் கட்டில்.
அந்த வாரம் எனக்குத் தட்டம்மை;
கண்ணுக்கு ஆகாதென்று சன்னலில் போர்வை தொங்கியது.
குறியைக் கட்டிலின்மேல் போட்டேன்.
அங்கிருந்து வாசலுக்கு ஸ்கேல் வைத்துக் கோடிழுத்தேன்.
கோடு சுவரில் போய் முட்டியது.
இன்னொரு முறை, கொஞ்சம் சாய்த்து.

சுவர்.

"அப்படியென்றால் நான் இத்தனை நாளும் பொய்..."
"அதற்கு நீதிமன்றம் இருக்கிறது.
சுவருக்கு இந்தப் பக்கம் என்ன இருந்தது, அதை எழுதுங்கள்"
என்றவர் பூனைப் பக்கம் திரும்பிவிட்டார்.

அன்றிரவு டனீடினில் இருக்கும் அக்காவை அழைத்தேன்.
அங்கே விடிந்து அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
"இங்கா, அம்மாவும் கரண்டியும், நீதானே சொன்னாய்?"
"நானா? எனக்கும் ஒட்டிவிடும் என்று
ஸ்கேலவேயில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே.
நீதானடா எனக்குச் சொன்னாய்."
உலகத்தின் இரண்டு நுனியிலும் பேச்சில்லை.
நடுவில் அந்தக் கரண்டி,
பிடிக்க ஆளில்லாமல்.

ஆக மிஞ்சியது இவ்வளவுதான்:
போர்வையின் கம்பளி நாற்றம். காதுக்குப் பின்னால் அரிப்பு.
தாழ்ப்பாள் எடுபடும் சத்தம்.
கனமான எதையோ கீழே வைக்கும் சத்தம்.
பிறகு நீண்ட மௌனம்.

மறு வியாழன் இஷ்பெல் 'நீண்ட'வை அடித்தார்.
ஓரத்தில் பென்சிலால்: எவ்வளவு?

வெளியே போய்க் கதவைத் திறந்து
பேசாமல் நில் என்று ஓஸ்லாவிடம் சொன்னேன்.
நாற்பது வருஷத்தில் எனக்காக
இதைவிடக் கிறுக்குத்தனமெல்லாம் செய்திருக்கிறாள்; போனாள்.
நான் படுக்கையறையில் சுவரைப் பார்த்தபடி எண்ணினேன்.
முதலில் காற்று வந்தது, அதன்பின் கடல் நாற்றம்.
ஆறில் கெட்டில் மூடி நடுங்கியது.
ஒன்பதைத் தொடுமுன்,
"லௌரி, குளிர் உள்ளே வருது.
இன்னும் எவ்வளவு நேரம் நிற்கட்டும்?"

அன்றும் யாரோ, குளிர் உள்ளே வருது என்று
சொல்லியிருக்கலாம்,
என்று எழுதினேன்.
'யாரோ' இருக்கும் இடத்தில் 'அம்மா' என்று போட
பேனா தானாகவே போனது. இழுத்துப் பிடித்தேன்.

இஷ்பெலின் பென்சில்
இரண்டு காற்புள்ளிகளை, ஒரு 'மெதுவாக'வை,
அப்பாவின் தாடியை முழுசாக
அடித்துக்கொண்டே இறங்கி
அந்த 'லாம்' பக்கத்தில் நின்றது.

நின்றது.

அதைத் தொடாமல் கீழே போயிற்று.