ஒன்பது முத்து

எல்லாக் காசிலும் ஒரே ஆண்டுதான்,
ஆயிரத்து எழுநூற்று எண்பது.
அந்த மகாராணி செத்த ஆண்டு.
அதற்குப் பிறகும் எங்கெங்கோ அச்சடித்தார்கள்,
தேதியை மட்டும் யாரும் தொடவில்லை.
ஆகவே, ஹராரில் என் கடைப்படி ஏறி
"இது எத்தனை வருஷத்துப் பழசு?" என்று கேட்காதீர்கள்.
எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேளுங்கள்.

முதலில் தேய்வது அவள் மார்பு.
பிறகு தோள்.
தோளில் குத்திய ஊசியில் ஒன்பது முத்து,
நகக்கண்ணால் ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணுவேன்.
ஒன்பதும் தனித்தனியே நின்றால் ஒரு விலை.
ஒன்றோடொன்று உருகினாற்போல் ஒட்டிக் கிடந்தால்
வெள்ளியின் எடைக்கு விலை, அவ்வளவுதான்.
மாலையில் கோக்க வளையம் பற்றவைத்ததா?
கழுத்துக்கு அழகு, காசுக்குக் காயம்;
நாலில் ஒரு பங்கு கழிப்பேன்.
சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துப்
பளபளவென்று கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்களே,
அவர்களிடம் எப்படிச் சொல்வது?
அந்தக் கறுப்பு அழுக்கல்ல, ஐயா.
தோல்.
உரித்துவிட்டு வந்து கூடுதலாகக் கேட்கிறீர்கள்.

கடைசியாகக் காது.
வெளியே தையல்காரர் தெரு, பகலெல்லாம் கடகடப்பு.
எதிர்க்கடை இப்ஸா ஊசியில் நூல் கோக்கும் நேரம் பார்த்து
கல்லில் காசைப் போடுவேன்.

அன்று காதியார் அனுப்பினாரென்று
இரண்டு பேர் வந்தார்கள்,
ஃபெதியா, அவள் புருஷன் மூமின்.
பிரிய வேண்டுமென்று கேட்டவள் அவள்.
மஹராய் வந்த எட்டு தாலரின் இன்றைய விலையை
அவனுக்குக் கொடுத்துவிட்டால் போதும்,
மாலை அவளுடையது.
அதனால் எல்லாம் தலைகீழாக நடந்தது.
தன் கழுத்திலிருந்து கழற்றி வைத்ததையே
"தேய்ந்து போச்சு, பாருங்கள், மூக்கே இல்லை" என்று
அவள் குறை சொன்னாள்.
அவன், என்றைக்கு எதைப் புகழ்ந்தானோ தெரியாது,
"இந்தக் கழுகின் இறகைப் பாருங்கள்,
ஒவ்வொரு தூவலும்!" என்றான்.

நான் இருவருக்கும் காபி சொன்னேன்.
பூதக்கண்ணாடியை எடுத்தேன்.
முதல் மூன்றும் நல்ல காசு.
நாலாவது கைக்கு லேசாக இருந்தது.
முத்து எட்டு.
மறுபடி எண்ணினேன். எட்டுதான்.
இப்ஸாவின் எந்திரம் நிற்கக் காத்திருந்து கல்லில் போட்டேன்,
'தொப்'பென்றது,
ஈர மாவு விழுந்தது மாதிரி.

ஒன்றும் சொல்லவில்லை நான்.
ஐந்தும் ஆறும் சுத்தம்.
ஏழாவதில் முத்தே கிடையாது, வெறும் பரு;
ஓரத்தைச் சுரண்டினால் மஞ்சள்.
எட்டாவது மாலையிலேயே சிறந்த காசு,
அவள் நெஞ்சோடு உரசாமல்
கொக்கிக்குப் பக்கத்தில் கிடந்திருக்க வேண்டும்.

"ஆறுக்குத்தான் விலை சொல்ல முடியும்.
இரண்டு வெள்ளியில்லை" என்றேன்.

"இரண்டா?" என்றார்கள்,
இருவரும்,
ஒரே மூச்சில்.

அதற்கு மேல் யாரும் பேசவில்லை.
எந்தக் காய்ச்சலுக்கு, எந்தக் கடனுக்கு,
எந்தத் தங்கையின் ஜிபூட்டிப் பயணத்துக்கு,
எத்தனை நாள் சாட் இலைக்கு?
கேட்பது என் தொழில் அல்ல.
அவள் பார்வை நாலாவதில் நின்றது.
அவன் ஏழாவதைப் பார்க்கவே மாட்டேன் என்று
காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு காசுக்கு எழுதிக் கொடுத்தேன்.
மகாராணிக்கு மூக்கு இருக்கிறதா இல்லையா என்று
அவர்கள் தகராறு செய்யவில்லை.
கடைசிக் காசுக்கு மட்டும் முந்நூறு பிர்
கூடுதலாகப் போட்டேன். அவள் மறுக்கவில்லை.
அவன் பணத்தை எண்ணாமல் மடித்து வைத்துக்கொண்டான்.

அந்த இரண்டையும் எடுத்துப்போக
யாரும் கை நீட்டவில்லை.
என் தராசு மேசைக்கு ஒரு கால் குட்டை,
ரொம்ப நாளாய் ஆடிக்கொண்டிருந்தது.
ஒன்றின் மேல் ஒன்றாக அடியில் செருகினேன்.
இப்போது முள் சரியாக
நடுவில் நிற்கிறது.