பத்தாவது கொம்பு

பாய்த் துணிக்குப் பதினாறாம் நம்பர் ஊசி.
அதைவிடச் சின்னது முறியும்.
மிருகத்தின் தோலும் அதே துணிதான்.

சபை மண்டபத்தின் ஒரு சுவரை முழுதாய் மூடி
என் மாமனார் தீட்டிய படம்:
இடது ஓரம் ஏதேன், வலது ஓரம் புதிய எருசலேம்,
நடுவே ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம்,
கடலிலிருந்து ஏறிவரும் பத்துக் கொம்பு மிருகம்.
அந்தக் கடலுக்கு மோரே வளைகுடாவின் சாம்பல் நிறம்.
வேறு கடலை அவர் பார்த்ததில்லை.

ஐரோப்பியச் சந்தையில் நாடுகள் சேரச் சேர
என் கணவர் கில்பர்ட் கொடித் துணி வாங்கி வருவார்.
கொம்புக்கு ஒன்றாய் நான் தைப்பேன்.
எண்பத்தொன்று ஜனவரியில் கிரேக்கம்,
நீலமும் வெள்ளையும்.
பத்து.
அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை,
சந்தோஷத்தில்.
"இஷ்பெல், அடுத்த குளிருக்கு நிலக்கரி வாங்காதே" என்றார்.
வாங்கினேன்.

என் அண்ணன் லோரி சிரித்தான்.
எங்கள் படகில் பாதிப் பங்கு அவனுக்கு.
"உபத்திரவத்துக்கு முன்னாலேயே தூக்கிக்கொள்வாரா?
புயல் நடுவில் அல்லவா அவர் படகேறினார்?"
கில்பர்ட் ஒரு நிருபத்தைத் திறந்தார்.
லோரி ஒரு சுவிசேஷத்தைத் திறந்தான்.
ஒரே அச்சகம், ஒரே கறுப்பு அட்டை.
முக்காடிட்ட பெண்கள் நாங்கள் பின் பெஞ்சில்,
சபையில் பேசக் கூடாத வாய்களுக்கு
மிட்டாய்க் காகிதம் பிரித்துக்கொண்டிருந்தோம்,
சத்தம் வராமல்.

ஐந்து வருஷம் கழித்து
ஸ்பெயின், போர்ச்சுகல். பத்து பன்னிரண்டாயிற்று.
"மூன்று பிடுங்கப்படும். தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறார்."
"பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது, மச்சான்."
அதற்கப்புறம் பேச்சில்லை.
பிப்ரவரியில் எதிர்த் தெருவின்
பழைய உப்புக் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து
லோரியின் ஆட்கள் தனியாக அப்பம் பிட்டார்கள்.
படகு துறையில் கிடந்தது.
பிரஸ்ஸல்ஸ் எங்களுக்கென்று எண்ணி விட்ட மீன்கூட
பிடிப்பாரில்லாமல் திரிந்தது.

மார்ச்சில் ஒரு ராத்திரி விழித்தேன்.
பக்கத்தில் படுக்கை காலி.
ஒதுங்கிய போர்வை, தலையணையில் குழி,
நாற்காலியில் மூக்குக்கண்ணாடி.
ஒரு மனிதன் எழுந்து போன மாதிரியும் இருந்தது,
எடுத்துக்கொள்ளப்பட்ட மாதிரியும் இருந்தது.
நாற்பது வருஷத்துப் பிரசங்கம் காலைப் பிடித்தது:
மாவரைக்கும் இருவரில் ஒருத்தி போவாள், ஒருத்தி நிற்பாள்.
நின்றுபோக நான் செய்தது என்ன என்று தேடினேன்.
நிலக்கரி ஞாபகம் வந்தது.

ஜன்னலில் பார்த்தால் லோரி வீட்டில் விளக்கு.
கணக்குப் போட்டேன்.
கில்பர்ட் சொல்வது சரியென்றால்
அவர் போய்விட்டார், நானும் அண்ணனும் பாக்கி.
லோரி சொல்வது சரியென்றால்
இன்னும் யாருமே போகவில்லை.
கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக
என் அண்ணனின் போதனை மெய்யாயிருக்கட்டும் என்று ஜெபித்தேன்,
அதையும் வாய்க்குள்ளேயே.

அப்புறம்தான் காற்று காதில் விழுந்தது.
வடகிழக்குக் காற்று.
இரவு உடைமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.
துறையில் இரண்டு டார்ச்.
கயிறறுந்த படகு சுவரில் மோதிக்கொண்டிருந்தது.
முழங்கால் நுரையில் இரண்டு ஆண்கள்.
பேசவில்லை.
இவர் கை நீட்டும் முன்பே
அவன் கையில் கயிறு இருந்தது.
ஒரே ஒரு தரம் கில்பர்ட்,
கடலிடம் சொல்வதுபோல்,
"இன்னொரு முடிச்சு" என்றார்.
லோரி போட்டான்.

விடிந்ததும் ஆளுக்கொரு படிக்கட்டில் ஏறிப் போனார்கள்.
கர்த்தருடைய நாளில் ஆளுக்கொரு மண்டபம்.

கஞ்சியைக் குடித்துக்கொண்டே கில்பர்ட் கேட்டார்:
"அந்த ரெண்டு கொடியையும் தைத்தாயா?"
"ஊசி முறிந்துவிட்டது."
பதினாறாம் நம்பர் முறியாது
என்று அவருக்கும் தெரியும்.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
எழுந்து போய்
அடுப்பில் ஒரு வாரி கரி அள்ளிப் போட்டார்.